சொல்லும் சார்பும்: செயற்கை நுண்ணறிவில் சந்தர்ப்பம் பற்றிய சில குறிப்புகள்

ஒரு சொல் பல பொருள் தருமிடத்து அவற்றுள் எதனைக் கொள்வது என்பது மொழியாராய்ச்சியின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கம் இதனை எடுத்து ஆராய்கின்றது. வினைவேறுபடும் பலபொருளொருசொல்லின் பொருள் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளிவாகும் என்பது அங்குத் தரப்படும் விடை. உரையாசிரியர் இதனை 'மா' என்னும் சொல்லைக் கொண்டு விளக்குவர். மா பூத்தது என்றவிடத்துப் பூத்தலாகிய வினை அது மரம் என்பதைக் காட்டிவிடும். மருத மரத்தோடு சேர்த்துச் சொல்லப்படுமிடத்து இனம் அதனைக் காட்டும். மூன்றாவது உதாரணமே எமது கவனத்துக்குப் பெரிதும் உரியது. கவசம் பூண்டு நிற்கும் ஒருவன் மாவைக் கொண்டுவருமாறு பணிக்கின்றான். அவன் வேண்டுவது குதிரை. அக்கூற்றிலே குதிரையைச் சுட்டும் சொல் வேறெதுவும் இல்லை. கவசம் அவன் மெய்யிலே உள்ளது, வாக்கியத்திலே இல்லை. இதே வாக்கியத்தை, புட்டவிப்பதற்காக அடுப்படியில் நிற்கும் யாழ்ப்பாணத்தவர் ஒருவர் கூறுவாராயின் கொண்டுவர வேண்டியது அரிசி மா.

எமது பாடசாலைகளிலே தமிழிலக்கிய வினாத்தாளில் 'சந்தர்ப்பங் கூறி விளக்குக' எனக் கேட்பது நெடுநாள் வழக்கம். யார், யாருக்கு, எந்நிலையில் கூறியது என்பதைச் சொல்லாமற் பொருளை மாத்திரம் எழுதும் மாணவர் முழுப்புள்ளி பெறுவதில்லை. செயற்கை நுண்ணறிவு எனப்படும் துறை கடந்த எழுபது ஆண்டுகளாக விடை தேடிவரும் வினாவும் ஏறத்தாழ இதுவேயாகும். வினையையும் இனத்தையும் கணனி இன்று வியக்கத்தக்க அளவுக்குக் கைவசப்படுத்தியுள்ளது. சார்பு எவ்வளவு தூரம் கைவந்துள்ளது என்பதையே நாம் இங்கு நோக்க விழைகின்றோம். வைத்தியசாலையிலும் வங்கியிலும் செய்தித் தொடர்பிலும் மனிதர் பற்றிய தீர்மானங்கள் இப்பொறிகளிடம் மெல்ல மெல்லக் கையளிக்கப்பட்டு வருவதால், இது இலக்கணக்காரரின் வினாவாக மட்டும் இன்று நின்றுவிடவில்லை.

இப்பிரச்சினையை முதலில் தெளிவாக முன்வைத்தவர் யெகோசுவா பார்-ஹிலெல் என்னும் தருக்கவியலாளர். 1951இல் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் இயந்திர மொழிபெயர்ப்பு ஆய்வுக்கென நியமிக்கப்பட்ட இவர், அத்துறையின் தொடக்ககால ஆர்வலர்களுள் ஒருவர். 1960இல் வெளியான நீண்ட மதிப்பீட்டிலே, முழுவதும் தானாக இயங்கி உயர்தர மொழிபெயர்ப்பைச் செய்யும் பொறி சாத்தியமன்று என அவரே வாதித்தார். அவர் காட்டிய உதாரணம் மிக எளியது. ஒரு சிறுவன் தனது விளையாட்டுப் பெட்டியைத் தேடுகின்றான். அது 'பென்'னுக்குள் இருக்கக் காண்கின்றான். ஆங்கிலத்தில் அச்சொல் எழுதுகோலையும் குறிக்கும், குழந்தைகள் விளையாடும் அடைப்பையும் குறிக்கும். எழுதுகோலினுள் பெட்டி இருக்கமுடியாது என்பதை வாசகர் உடனே உணர்வர். அவ்வுணர்வை அளிப்பது இலக்கணமன்று, பொருள்களின் பருமன் பற்றிய உலக அறிவு. அந்த அறிவைப் பொறிக்கு ஊட்டுவதாயின் உலகம் முழுவதையும் உள்ளடக்கிய ஒரு கலைக்களஞ்சியத்தையே ஊட்ட வேண்டியிருக்கும். அது வெறுங் கற்பனை என அவர் ஒதுக்கிவிட்டார்.

உலகம் பெரிதாயின் அதனைச் சிறிதாக்கிக்கொள்ளலாம் என்பது அடுத்து வந்தோர் கண்ட வழி. ரெறி வினோகிராட் 1968 தொடக்கம் 1970 வரையான காலத்தில் அதே நிறுவனத்தில் உருவாக்கிய 'ஷ்ருட்லு' என்னும் நிரலின் உலகத்தில் ஒரு மேசை, சில வண்ணக் கட்டைகள், சில கூம்பகங்கள், ஒரு பெட்டி ஆகியவை மாத்திரமே இருந்தன. அவையும் கணனித் திரையில் வரையப்பட்டவையே. அவ்வுலகத்துக்குள் அது நன்றாகவே உரையாடியது. 'அதை எடு' என்றால் 'அது' எது என்பதை முன்னர் நிகழ்ந்த உரையாடலையும் மேசையின் நிலையையும் பார்த்துத் தீர்மானித்தது. பல கூம்பகங்கள் இருக்கும்போது ஒன்றைப் பொதுப்படச் சுட்டினால் எதனைக் கருதுகின்றீர் எனத் திருப்பிக் கேட்டது. இங்குச் சார்பு உண்மையாகவே தொழிற்பட்டது என்பதை மறுக்கமுடியாது. ஆயின் சார்பு முழுவதும் மேசையொன்றின்மேல் அடங்கியிருந்தமையாலேயே அது இயலுவதாயிற்று. மேசையை விட்டு வெளியே வருவதற்கு அம்முறையில் வழி இருக்கவில்லை.

இதனை வினோகிராட் அறிந்தே இருந்தார். 1972இல் வெளிவந்த அவரது நூலிலே பின்னாளில் பெரிதும் பேசப்பட்ட ஓர் உதாரணம் உண்டு. நகரசபையினர் ஆர்ப்பாட்டக்காரருக்கு அனுமதி மறுத்தனர். ஏனெனில் அவர்கள் வன்முறைக்கு அஞ்சினர். 'அஞ்சினர்' என்பதை எடுத்துவிட்டுப் 'புரட்சியை ஆதரித்தனர்' என அமைத்தால் 'அவர்கள்' என்னும் சொல் நகரசபையினரை விட்டு ஆர்ப்பாட்டக்காரரிடம் தாவிவிடுகின்றது. இலக்கண அமைதியில் மாற்றம் எதுவுமில்லை. நகரசபைகள் எத்தகையன, ஆர்ப்பாட்டக்காரர் எத்தகையோர் என்பது பற்றி வாசகர் கொண்டுள்ள எண்ணமே பொருளைத் தீர்மானிக்கின்றது. இவ்விடத்து ஒன்றைச் சுட்டாது செல்லல் இயலாது. அதிகாரத்திலிருப்போர் அஞ்சுவோர், வீதியிலிறங்குவோர் கலகத்தை விழைவோர் என்பது எல்லாச் சமூகங்களுக்கும் எல்லாக் காலங்களுக்கும் உரிய உண்மையன்று. வன்முறை எப்பக்கத்திலிருந்து வரும் என்பதை அனுபவத்தால் வேறுவிதமாக அறிந்த வாசகர் இவ்வுலகில் ஏராளம். பொதுஅறிவு என்னும் பெயரில் பொறிக்கு ஊட்டப்படுவது எவருடைய பொதுஅறிவு என்னும் வினாவை, மொழியியல் உதாரணமாக மாத்திரம் காட்டப்பட்ட இவ்வாக்கியம் தன்னுள் கொண்டிருக்கின்றது.

1970களில் வேறொரு போக்கும் வளர்ந்தது. குறித்த ஒரு துறையின் நிபுணரது அறிவை விதிகளாக எழுதி நிரலாக்குவது அப்போக்கு. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் எட்வேட் ஷோர்ட்லிஃப் முதலானோர் ஆக்கிய 'மைசின்' இதற்குத் தக்க சான்று. குருதியில் ஏற்படும் பற்றீரியத் தொற்றுக்களையும் மூளைக்காய்ச்சலையும் ஆராய்ந்து மருந்து கூறும் இந்நிரலில் ஏறத்தாழ 500 விதிகள் இருந்தன. அதன் பரிந்துரைகள் நிபுணரின் பரிந்துரைகளுக்குத் தாழ்ந்தவையல்ல என 1979இல் வெளியான மதிப்பீடு காட்டிற்று. எனினும் நாளாந்த வைத்தியத்தில் அது பயன்படுத்தப்படவேயில்லை. 1984இல் ஜோன் மக்கார்தி இந்நிரல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். செயற்கை நுண்ணறிவு என்னும் பெயரையே இத்துறைக்கு இட்டவர் அவர். குடலில் வாந்திபேதிக் கிருமி கொண்ட நோயாளி ஒருவரை இந்நிரலிடம் ஒப்படைத்தால் இரண்டு வாரத்துக்கு ரெற்றாசைக்கிளின் கொடுக்குமாறு அது கூறும். அம்மருந்து கிருமியைக் கொன்றுவிடும். ஆனால் அதற்கு வெகுமுன்னரே நோயாளி இறந்துவிடுவார். நிரலுக்குக் கிருமி தெரியும், மருந்து தெரியும், ஆய்வுகூடச் சோதனை தெரியும். காலம் ஓடுவதும் அதற்குள் மனிதர் நீரிழந்து இறப்பதும் தெரியா. அதனைக் கையாளும் வைத்தியர் அவற்றை அறிந்திருப்பார் என்னும் நம்பிக்கையிலேயே நிரல் ஆக்கப்பட்டிருந்தது. கவசம் வைத்தியரிடம் இருந்தது எனலாம்.

அதே 1984இல் டக்ளஸ் லெனட், பார்-ஹிலெல் வெறுங் கற்பனை என்ற அந்தக் கலைக்களஞ்சியத்தையே எழுதத் தொடங்கினார். 'சைக்' என்னும் அத்திட்டம், நாளாந்த வாழ்வின் உண்மைகளை ஒவ்வொன்றாக மனிதர் கையாற் பதிந்து, பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. அதன் விடாமுயற்சி மதிக்கத்தக்கது. ஆயினும் இன்றைய பொறிகள் அவ்வழியால் வந்தவையல்ல.

அவை வந்த வழியை விளங்கிக்கொள்வதற்கு நாம் கணனித்துறையை விட்டு மானிடவியலுக்குச் சிறிது செல்ல வேண்டும். மலினோவ்ஸ்கி முதலாம் உலகப்போர்க் காலத்திலே நியூகினிக்கு அண்மையிலுள்ள துரோபிரியண்ட் தீவுகளில் வாழ்ந்து ஆய்வு செய்தவர். வள்ளங்களில் மீன்பிடிக்கும்போது அம்மக்கள் பேசும் சொற்களை அகராதி கொண்டு மொழிபெயர்த்தால் எதுவும் விளங்காது என்பதை அவர் கண்டார். வலை இழுபடும் நேரம், வள்ளம் திரும்பும் திசை, கூட நிற்போரின் உடலசைவு ஆகியவற்றோடு சேர்த்தே அச்சொற்களுக்குப் பொருள் உண்டு. பேச்சு உழைப்பின் ஒரு பகுதி. 1923இல் வெளியான கட்டுரையில் இதனைச் சூழ்நிலைச் சந்தர்ப்பம் என அவர் பெயரிட்டார். லண்டனில் மொழியியற் பேராசிரியராக விளங்கிய ஜே. ஆர். பேர்த் இக்கருத்தைத் தமதாக்கி வளர்த்தார். ஆர்டனின் தமிழிலக்கண நூலுக்குத் தமிழ் உச்சரிப்புப் பற்றிய பின்னிணைப்பை 1934இல் எழுதியவர் இவரே என்பது எம்மவர் பலர் அறியாதது. ஒரு சொல்லை அதனோடு கூடிவரும் சொற்களாலேயே அறியலாம் என்னும் கருத்தை அவர் 1957இல் வெளியிட்டார். அவருக்கு இது பல படிகளுள் ஒன்று. சொற்கூட்டத்துக்கு மேலே சூழ்நிலைச் சந்தர்ப்பம் என்னும் படி இருந்தது. பின்வந்த கணனி ஆய்வாளர் முதற்படியை எடுத்துக்கொண்டனர், மேலேயுள்ளதை விட்டுவிட்டனர். இதில் வியப்பில்லை. சொற்கூட்டம் எண்ணக்கூடியது, வலை இழுபடும் நேரம் எழுத்தில் இல்லை.

எண்ணுவதால் எவ்வளவு கிடைக்கும் என்பதை எவரும் முன்கூட்டி எதிர்பார்த்திருக்கவில்லை. 2013இல் கூகிள் நிறுவனத்து ஆய்வாளர் வெளியிட்ட முறையொன்று ஒவ்வொரு சொல்லையும் சில நூறு எண்களைக் கொண்ட ஒரு வரிசையாக மாற்றியது. ஒத்த சொற்களின் நடுவே வாழும் சொற்கள் ஒத்த வரிசைகளைப் பெற்றன. இதில் ஒரு குறை இருந்தது. 'மா'வுக்கு ஒரே வரிசைதான்; மரமும் குதிரையும் அரைத்த மாவும் அதற்குள் கலந்து கிடக்கும். இக்குறையைப் போக்கியது 2017இல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த எண்மர் வெளியிட்ட கட்டமைப்பு. கவனம் என்னும் கருத்து அதன் மையம். அக்கருத்து 2014இல் மொழிபெயர்ப்பு ஆய்வில் தோன்றியது. இதன் தொழிற்பாடு பின்வருமாறு. வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லும் ஏனைய சொற்கள் ஒவ்வொன்றோடும் தனக்குள்ள தொடர்பின் வலுவை ஓர் எண்ணாகக் கணிக்கின்றது. அவ்வலுவுக்கேற்ப அச்சொற்களின் இயல்பில் ஒரு பங்கைத் தன் வரிசையிற் சேர்த்துக்கொள்கின்றது. 'பூத்தது' அருகில் நின்றால் 'மா'வின் வரிசை மரத்தின் பக்கம் நகரும். 'குழைத்தாள்' நின்றால் அடுப்படிப் பக்கம் நகரும். ஒருமுறை நகர்ந்த வரிசைகள் மீண்டும் தம்முள் ஒன்றையொன்று நோக்கும். இவ்வாறு அடுக்கடுக்காகப் பல தடவை நிகழும். தொடர்பின் வலுவைக் கணிக்கும் விதியை எவரும் எழுதிக்கொடுப்பதில்லை. பெருந்தொகையான எழுத்தைப் பொறிக்குக் கொடுத்து, அடுத்து வரும் சொல்லை ஊகிக்கச் செய்து, ஊகம் பிழைக்கும்போதெல்லாம் உள்ளெண்களைச் சிறிது திருத்துவர். கோடிக்கணக்கான திருத்தங்களின் பின் எஞ்சுவதே விதி. வினையாலும் இனத்தாலும் பொருள் தெரிதல் என இலக்கணம் கூறியது இங்குக் கணிதமாக நிறைவேறியிருக்கின்றது என்றால் மிகையாகாது.

2020இல் வெளியான ஜிபிரி-3 என்னும் பொறி 17,500 கோடி உள்ளெண்களைக் கொண்டது. அதன்மூலம் தெரியவந்த ஓர் உண்மை ஆய்வாளரையே திகைக்கவைத்தது. பயிற்சி முடிந்த பொறியின் முன் ஒரு பணிக்கான சில உதாரணங்களை எழுதிவைத்து, அவற்றின் கீழ் ஒரு புதிய வினாவை இட்டால், உள்ளெண்களில் எம்மாற்றமுமின்றி அது அப்பணியைச் செய்யத் தொடங்கிற்று. வாசிக்கும் பக்கமே அதற்கு வகுப்பறையாயிற்று. சந்தர்ப்பத்தைக் கொண்டு பிரச்சினை தீர்த்தல் என இன்று பேசப்படுவது பெரும்பாலும் இதனையே. எனினும் இவ்வாற்றலின் தன்மையை நிதானமாக நோக்குதல் வேண்டும். 2022இல் வெளியான ஆய்வொன்று, உதாரணங்களில் சரியான விடைகளுக்குப் பதிலாக எழுந்தமானமான விடைகளை வைத்தபோதும் பல பணிகளில் பொறியின் திறமை சிறிதே குறைந்தது எனக் காட்டியது. எவ்வகை வினா, எவ்வகை விடை என்பதை, அதாவது இனத்தை, உதாரணங்களிலிருந்து பொறி எடுத்துக்கொண்டது. அவை உண்மையா என்பது அங்குப் பெரும்பங்கு வகிக்கவில்லை. ஒரே தடவையில் பொறி நோக்கக்கூடிய எழுத்தின் அளவு 2020இல் ஏறத்தாழ 2,000 சொற்துண்டுகளாக இருந்து, 2024இல் சில பொறிகளில் 10 இலட்சத்தை எட்டியது. பக்கம் நீண்டமையால் பார்வை சீராகிவிடவில்லை. நீண்ட பத்திகளின் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ளவற்றை நன்கு பயன்படுத்திய பொறிகள் நடுவிலுள்ளவற்றைத் தவறவிட்டமையை 2023ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டியது.

வினோகிராட்டின் நகரசபை வாக்கியத்தை முன்மாதிரியாகக் கொண்ட சோதனையும் வீழ்ந்தது. 2016இல் நடைபெற்ற போட்டியில் மிகச் சிறந்த நிரல் நூற்றுக்கு 60ஐயும் எட்டவில்லை. 2019இல் 90 எட்டப்பட்டது. சோதனையை வகுத்தவர்களே அது முறியடிக்கப்பட்டதை ஏற்றுக்கொண்டனர். பொதுஅறிவு கைவந்துவிட்டது என்பதை மட்டும் அவர்கள் ஏற்கவில்லை.

சார்பு எங்கே நிற்கின்றது என்பதை எமக்கு மிகத் தெளிவாகக் காட்டுவது மொழியோடு தொடர்பற்ற ஒரு நிகழ்ச்சி. 1990களின் நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவில் நியுமோனியா நோயாளருள் இறக்கும் அபாயம் மிக்கோர் யார் என்பதைக் கணனி கொண்டு முன்னறியும் ஆய்வு நிகழ்ந்தது. அபாயம் குறைந்தோரை வீட்டுக்கு அனுப்பலாம், மிக்கோரை வைத்தியசாலையில் வைத்துக்கொள்ளலாம் என்பது நோக்கம். பரிசோதிக்கப்பட்ட முறைகளுள் விதிகளைக் கற்கும் முறையொன்று, பதிவேடுகளிலிருந்து ஒரு வியப்பான விதியைக் கற்றது: ஆஸ்துமா உள்ளவர்களுக்கு நியுமோனியாவால் இறக்கும் அபாயம் குறைவு. விதி பதிவேடுகளுக்கு முரணானதன்று. பதிவேடுகளில் உண்மையிலேயே ஆஸ்துமா நோயாளர் குறைவாகவே இறந்திருந்தனர். காரணம் வைத்தியருக்குத் தெரிந்திருந்தது. ஆஸ்துமா நோயாளர் நியுமோனியாவோடு வந்தால் அவர்கள் நேரே தீவிர சிகிச்சைப் பிரிவில் அனுமதிக்கப்பட்டனர். அச்சிகிச்சையே அவர்களைக் காத்தது. பொறியின் சொற்படி அவர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் நேர்ந்திருக்கக்கூடியதை விவரிக்க வேண்டியதில்லை. அம்முயற்சியில் பங்குகொண்ட ரிச் கறுவானா 2015இல் வெளியிட்ட கட்டுரை இதனை எடுத்துரைக்கின்றது. எல்லாவற்றிலும் துல்லியமாக விளங்கிய நரம்புவலை முறையை நோயாளரிடம் பயன்படுத்துவதில்லை என முடிவெடுக்கப்பட்டது. அதன் உள்ளெண்களை எவராலும் வாசிக்க முடியாதிருந்தது. விதியாக எழுதப்பட்டிருந்தமையால் ஆஸ்துமா பற்றிய பிழை கண்ணிற் பட்டது. நரம்புவலையினுள் அத்தகைய பிழைகள் வேறு எத்தனை ஒளிந்திருக்கும் என்பதைச் சொல்ல எவரும் இல்லை.

இந்நிகழ்ச்சியில் இல்லாதிருந்தது தரவின் தொகையன்று. தாதியரும் வைத்தியரும் இரவு பகலாகச் செய்த உழைப்பு, அவ்வுழைப்பின் விளைவை மட்டும் பதிந்த ஏட்டிலே மறைந்து போயிருந்தது. நோயாளி பிழைத்தார் என்று ஏடு கூறிற்று. எவர் பிழைக்கவைத்தனர் என்று அது கூறவில்லை. உழைப்பு விளைபொருளினுள் மறைவதைச் சமூகவியல் நெடுங்காலமாகப் பேசிவருகின்றது. பொறி அவ்வேட்டிலிருந்து கற்கும்போது அம்மறைவும் அறிவின் வடிவத்தைப் பெற்றுவிடுகின்றது.

கவசத்தையும் எழுதிவைத்தால் போதாதா என ஒருவர் வினவலாம். நியாயமான வினாவே. இன்றைய பொறிகள் படத்தையும் நோக்க வல்லன; கவசம் பூண்டவனின் புகைப்படத்தைக் கொடுத்தால் குதிரை என அவை கூறுதல் கூடும். களஞ்சியங்களிலிருந்து தொடர்புள்ள ஆவணங்களைத் தேடியெடுத்துப் பொறியின் முன் வைக்கும் முறையும் 2020 தொடக்கம் பெருகிவிட்டது. இவற்றால் நன்மை உண்டு; மைசினுக்கு இல்லாத பல வசதிகள் இவை. ஆயின் எதனைப் படம்பிடிப்பது, எவ்வேட்டைத் தேடுவது, எதனை ஏட்டிற் பதிவது என்பவற்றைப் பொறி தீர்மானிக்கும் முன்னரே நிறுவனங்கள் தீர்மானித்து விடுகின்றன. செலவும் காலமும் அதிகாரமும் அத்தீர்மானங்களின் பின்னால் உள்ளன.

மொழிகள் அனைத்தும் இதில் ஒரே நிலையில் இல்லை. எழுத்து பொறிக்குள் செல்வது சொற்துண்டுகளாக வெட்டப்பட்டே. எப்படி வெட்டுவது என்பது பயிற்சிக்குக் கிடைத்த எழுத்தின் அளவைப் பொறுத்தது. அதில் ஆங்கிலமே மிகுதி. 'மா' என்னும் ஒரெழுத்தொருமொழி கணனியில் 6 பைற்றுக்களாகப் பதிகின்றது; ஆங்கில எழுத்தொன்றுக்கு 1 பைற்று போதும். தொடக்ககாலப் பொறிகளில் ஒரு தமிழெழுத்தே பல துண்டுகளாகச் சிதறியது. ஒரே செய்தியைத் தமிழிற் கூறும்போது பொறியின் பக்கம் மிக விரைவில் நிரம்பியது. துண்டுகளை எண்ணிக் கட்டணம் அறவிடப்படுவதால் செலவும் ஏறியது. 2024இல் ஒரு நிறுவனம் தனது வெட்டும் முறையை மாற்றியபோது, அது காட்டிய உதாரணத்தில் தமிழ்த் துண்டுகள் முன்னிருந்ததில் மூன்றிலொரு பங்குக்கும் சற்றுக் குறைந்தன. அதுவரை அப்பொறியின் முன் தமிழ் தனக்குரிய சந்தர்ப்பத்தின் பெரும்பகுதியை இழந்தே நின்றது.

இலங்கையில் சார்பு தவறியமை துண்டுக் கணக்கோடு நின்றுவிடவில்லை. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்களுக்கெதிரான வன்செயல்கள் நிகழ்ந்தன. கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, அவசரகாலநிலை பிரகடனப்படுத்தப்பட்டது, பேஸ்புக் முதலான தளங்களை அரசு சில நாள் தடைசெய்தது. வெறுப்பை மூட்டும் சிங்கள எழுத்துக்கள் அத்தளத்திற் பரவியிருந்தன. தனித்து எடுத்தால் சாதாரணமாகத் தோன்றும் சொல் ஒன்று, குறித்த ஒரு வாரத்தில், குறித்த ஒரு நகரத்தில் அழைப்பாணையாக மாறிவிடும். அதனை அறிவதற்கு அந்த வாரத்தையும் அந்த நகரத்தையும் அறிந்திருக்க வேண்டும். அந்நிறுவனம் தான் செய்வித்த மனித உரிமைத் தாக்க மதிப்பீட்டின் சாரத்தை 2020 மே மாதத்தில் வெளியிட்டு, தனது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டமைக்காக மன்னிப்புக் கோரியது. உள்ளூர் மொழிகளை அறிந்தோரைக் கூடுதலாக அமர்த்தியதையும் தெரிவித்தது.